வலிக்காத காலுக்கு ஒரு படிப்பு

செருப்புக்குள் ஒரு சிறு கல் விழுந்து, அதை மிதித்துக்கொண்டே நாள் முழுக்க நடந்தும் ஒருவருக்குத் தெரியாமல் போகுமா? போகும். சர்க்கரை நோய் பத்துப் பதினைந்து ஆண்டு கட்டுக்கடங்காமல் உடம்பில் இருந்தால் பாதத்து நரம்புகள் ஒவ்வொன்றாக அவிந்துபோகின்றன. முதலில் விரல் நுனிகளில் எரிச்சலும் மதமதப்பும். பிறகு பஞ்சின்மேல் நடப்பதுபோல ஓர் உணர்வு. கடைசியில் செருப்பு காலைவிட்டுக் கழன்றுபோனதுகூடத் தெரியாத மரப்பு. அந்தக் காலில் கல் தோலை அரைக்கிறது, புண்ணாகிறது, புண்ணுக்குள் கிருமி இறங்குகிறது. காலுக்கு உரியவரோ அதே காலோடு கடைக்குப் போய்வருகிறார், வண்டி ஓட்டுகிறார். வாடை வந்த பிறகோ தரையில் சீழ்க்கறை பட்ட பிறகோ வீட்டில் வேறு யாராவதுதான் கண்டுபிடிக்கிறார்கள். மருத்துவம் பெரும்பாலும் ஓர் எழுதப்படாத ஏற்பாட்டில் நடக்கிறது: நோயாளிக்கு வலிக்கும், அவர் வந்து சொல்வார், மருத்துவர் பார்ப்பார். உணர்விழந்த காலில் அந்த ஏற்பாட்டின் முதல் கண்ணியே அறுந்துவிடுகிறது. அப்படியானால் யாரும் வந்து சொல்லாத நோயைத் தானே தேடிப்போய்ப் பார்க்க ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் பல்கலைக்கழகப் படிப்புக்குப் பொடியாட்ரி என்று பெயர். தமிழில் பாத மருத்துவம் எனலாம். காலுக்கென்று தனியாக ஒரு பட்டப்படிப்பா என்று கேட்பவர்கள் உண்டு. கேட்பது நியாயமே. அதற்கான விடையை எண்களிலிருந்து தொடங்குவோம்.

சர்க்கரை நோயாளிகள் 100 பேரை எடுத்துக்கொண்டால், அவர்களில் 19 முதல் 34 பேருக்கு வாழ்நாளில் ஒருமுறையாவது காலில் புண் வரும் என்பது 2017இல் 'நியூ இங்கிலாந்து ஜர்னல் ஆஃப் மெடிசின்' வெளியிட்ட மதிப்பீடு. அதே கட்டுரை இன்னொன்றையும் சொல்கிறது: ஆறிய புண் ஓராண்டுக்குள் திரும்ப வருவது ஏறத்தாழ 40 சதவீதம், ஐந்தாண்டுக்குள் 65 சதவீதம். அமெரிக்காவில் 1990இல் வெளியான ஓர் ஆய்வில், கால் எடுக்கப்பட்ட சர்க்கரை நோயாளிகளில் 84 சதவீதம் பேரிடம் அந்த அழிவுக்கு வழிவிட்ட புண் ஒன்று முன்னரே இருந்தது தெரியவந்தது. இந்த மூன்றையும் சேர்த்துப் படித்தால் இரண்டு உண்மைகள் தெளிவாகின்றன. கால் எடுப்பது என்ற பெரிய துயரம் திடீரென வருவதில்லை. ஒரு காய்ப்பு, ஒரு வெடிப்பு, சதைக்குள் வளர்ந்த ஒரு நகம் எனக் கண்ணுக்குத் தெரியும் படிகளில் இறங்கித்தான் வருகிறது. இரண்டாவது, ஆறிய புண் குணமான புண் ஆகாது. அது ஓய்வில் இருக்கிறது, அவ்வளவே. அறுவை மருத்துவர் புண்ணைச் சுத்தம்செய்து அனுப்பிவிட்டால் அவர் வேலை முடிந்தது. சர்க்கரை மருத்துவர் ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்து மாத்திரையை மாற்றுகிறார். அந்தக் காலை அடுத்த இருபது ஆண்டுகளுக்குத் தொடர்ந்து பார்க்க வேண்டியவர் யார் என்ற கேள்விக்குப் பெரும்பாலான மருத்துவமனைகளில் பதில் இல்லை. பாதம் எல்லாத் துறைகளுக்கும் கொஞ்சம் சொந்தம், ஒரு துறைக்கும் முழுப் பொறுப்பு இல்லை.

பிரிட்டன் இதற்குப் பதில் தேட ஒரு நூற்றாண்டுக்கு மேல் எடுத்துக்கொண்டது. அங்கே முதலில் இருந்தவர்கள் காலாணி வெட்டுகிறவர்கள். தெருவிலும் சந்தையிலும் தொழில் செய்தவர்கள், படித்தவர்கள் மதிக்காதவர்கள். 1912இல் அத்தொழிலோர் ஒரு சங்கம் அமைத்தார்கள். அடுத்த ஆண்டே லண்டனில் ஏழைகளுக்கான பாத சிகிச்சை நிலையம் ஒன்று தொடங்கியது. அதுவே பின்னாளில் லண்டன் பாத மருத்துவமனையாக வளர்ந்து அங்கேயே மாணவர்களையும் பயிற்றுவித்தது. இன்று இங்கிலாந்தில் பொடியாட்ரி மூன்றாண்டு இளநிலைப் பட்டம், ஸ்காட்லாந்தில் நான்காண்டு. கிளாஸ்கோ கலிடோனியன், கார்டிஃப் மெட்ரோபொலிட்டன், அல்ஸ்டர், ஹடர்ஸ்ஃபீல்ட், பிளிமத் போன்ற பல்கலைக்கழகங்கள் இதைக் கற்பிக்கின்றன. உடற்கூறு, நடையின் இயங்கியல், தோல் நோய்கள், ரத்தக் குழாய்கள், மருந்தியல் என்று வகுப்பறைப் பாடங்கள் ஒருபுறம். சுமார் 1,000 மணி நேரம் நோயாளிகளின் கால்களோடு நேரடிப் பயிற்சி மறுபுறம். பட்டம் பெற்றவர் உடல்நல, பராமரிப்புத் தொழில்களுக்கான கவுன்சிலில் பதிவுசெய்த பிறகே பொடியாட்ரிஸ்ட் என்ற பெயரைப் பயன்படுத்தலாம். பதிவில்லாமல் அப்பெயரைப் போட்டுக்கொள்வது குற்றம். பதிவு பெற்றவர் மரப்பூசி போட்டு, சதைக்குள் வளரும் நகத்தின் ஓரத்தை எடுத்து, அது மீண்டும் முளைக்காமல் ஃபீனால் என்ற வேதிப்பொருளை வைத்து வேரை அழிக்கலாம். மேற்பயிற்சி பெற்றவர்கள் 2013 முதல் மருத்துவரின் கையெழுத்தின்றியே மருந்து எழுதித் தரவும் சட்டம் இடமளிக்கிறது.

இவ்வளவும் ஒரு பாதத்துக்கா? உடம்பில் இருக்கும் 206 எலும்புகளில் 52 இரண்டு பாதங்களில் இருக்கின்றன என்பது ஒரு பதில்தான், ஆனால் அதுவே முழுப் பதிலாகாது. படிப்பின் உண்மையான தேவை, பார்த்தால் எளிதாகத் தெரியும் வேலைகளில்தான் ஒளிந்திருக்கிறது. காய்ப்பைச் சீவுவதை எடுத்துக்கொள்வோம். 1992இல் வெளியான பிரிட்டிஷ் ஆய்வு ஒன்று, காய்ப்பை நீக்கியவுடன் அந்த இடத்தில் நடக்கும்போது விழும் உச்ச அழுத்தம் 26 சதவீதம் குறைவதை அளந்து காட்டியது. மருந்தில்லை, கருவியில்லை, ஒரு கத்தியும் பழகிய ஒரு கையும் மட்டுமே. ஆனால் அந்தக் கத்தி ஒரு மில்லிமீட்டர் கூடுதலாக இறங்கினால், ரத்த ஓட்டம் குன்றிய காலில் கத்தி பட்ட இடமே ஆறாத புண்ணாகிவிடும். நோயாளி 'ஆ' என்று காலை இழுத்து எச்சரிக்கவும் மாட்டார். எனவே கை பழகுமுன் கண் பழக வேண்டும்: இந்தக் காய்ப்புக்கு அடியில் கருமை தெரிகிறதா, அது பழைய ரத்தக்கசிவா, ஏற்கெனவே உள்ளே புண் இருக்கிறதா? கணுக்காலில் ரத்த அழுத்தம் பார்த்துக் கையின் அழுத்தத்தோடு ஒப்பிடும் எளிய சோதனை ஒன்று உண்டு. ஆண்டுக்கணக்கில் சர்க்கரை இருப்பவரின் ரத்தக் குழாய்ச் சுவரில் சுண்ணாம்பு படிந்து கெட்டியாகிவிட்டால், அந்தச் சோதனை ரத்த ஓட்டம் நன்றாக இருப்பதாகப் பொய் சொல்லும். பெருவிரலின் அழுத்தத்தையும் பார்த்து, டாப்ளர் கருவியில் ரத்த ஓட்டத்தின் ஓசையையும் கேட்டு, அந்தப் பொய்யைப் பிடிக்கத் தெரிந்திருக்க வேண்டும். இன்னொன்று, பிரெஞ்சு மருத்துவர் ழான் மார்ட்டின் ஷார்கோவின் பெயரால் வழங்கும் பாதச் சிதைவு. கால் சிவந்து, வீங்கி, தொட்டால் சுடும். கிருமித் தொற்று என்றோ யூரிக் அமிலம் என்றோ நினைத்து மாத்திரை கொடுத்து நடக்கவிட்டால், உள்ளே எலும்புகள் நொறுங்கிப் பாத வளைவே கீழே இறங்கிவிடும். இரண்டு பாதங்களின் தோல் வெப்பத்தையும் அளந்து, இரண்டு டிகிரி செல்சியஸுக்கு மேல் வேறுபட்டால் சந்தேகித்து, அன்றைக்கே காலை அசையாமல் கட்டுவதுதான் அந்தப் பாதத்தைக் காப்பாற்றும். இதையெல்லாம் ஆறு வாரப் பயிற்சியில் சொல்லிக்கொடுத்துவிடலாம். ஆனால் சொல்லக் கேட்டவருக்கும் நூற்றுக்கணக்கான கால்களைத் தொட்டுப் பழகியவருக்கும் இருக்கும் இடைவெளியில்தான் கால்கள் போகின்றன.

இப்படிப்பட்டவர்கள் இருந்தால் கால்கள் உண்மையிலேயே பிழைக்கின்றனவா? லண்டன் கிங்ஸ் கல்லூரி மருத்துவமனையில் 1981இல் மருத்துவர் மைக்கேல் எட்மண்ட்ஸ் உள்ளிட்டோர் சர்க்கரைப் பாதத்துக்கெனத் தனி சிகிச்சைப் பிரிவு ஒன்றை நடத்தத் தொடங்கினார்கள். பாத மருத்துவர், சர்க்கரை மருத்துவர், அறுவை மருத்துவர், காலணி செய்பவர், செவிலியர் எல்லாரும் ஒரே இடத்தில். 1986இல் அவர்கள் வெளியிட்ட முடிவு, பெரிய அளவில் கால் எடுப்பது மூன்று ஆண்டுகளில் ஏறத்தாழ பாதியாகக் குறைந்ததைக் காட்டியது. 1989இல் இத்தாலியின் செயின்ட் வின்சென்டில் கூடிய ஐரோப்பிய நாடுகள், கால் இழப்பை ஐந்தாண்டில் பாதியாக்குவோம் என்று உறுதி எடுத்தபோது அது வெறும் ஆசையாக இல்லாமல் இருந்ததற்கு இத்தகைய சான்றுகளே காரணம். இங்கிலாந்தின் இப்ஸ்விச் நகரில் 11 ஆண்டுகள் விடாமல் கணக்கு வைத்தார்கள்; 2008இல் வெளியான அந்தக் கணக்கின்படி சர்க்கரை நோயாளிகளிடையே பெரிய கால் நீக்கங்கள் 82 சதவீதம் குறைந்திருந்தன. இவற்றுக்கு எதிராக ஒரு வலுவான ஆட்சேபம் உண்டு, அதை ஒதுக்கிவிட்டுப் போவது நேர்மையாகாது. இவை முன்னும் பின்னும் ஒப்பிடும் கணக்குகள். சீட்டுக் குலுக்கி இரு குழுவாகப் பிரித்துச் செய்த சோதனைகள் இல்லை. அதே காலத்தில் ரத்தக் குழாய் அறுவையும் மேம்பட்டது, கிருமிக்கொல்லி மருந்துகளும் மேம்பட்டன. குறைந்த கால்களில் எத்தனையைப் பாத மருத்துவர் கணக்கில் எழுதுவது? தனித்துப் பிரிக்க முடியாது என்பதே உண்மை. ஆனால் ஒன்றைக் கவனிக்க வேண்டும். ரத்தக் குழாய் அறுவை எவ்வளவு சிறப்பாக இருந்தாலும், நோயாளி அழுகிய காலோடு மூன்று வாரம் தாமதித்து வந்தால் அதனால் பயனில்லை. மற்ற எல்லாத் திறமைகளும் வேலை செய்யும் நேரத்துக்குள் காலைக் கொண்டுவந்து சேர்க்கும் கை யாருடையது என்று பார்த்தால், அது பெரும்பாலும் பாத மருத்துவருடையது. பிரிட்டனில் சிகிச்சை நெறிகளை வகுக்கும் நைஸ் அமைப்பு 2015இல் வெளியிட்ட நெறிமுறை, காலில் புதுப் புண் கண்டால் ஒரு வேலைநாளுக்குள் உரிய குழுவுக்கு அனுப்ப வேண்டும் என்று விதித்ததும், பாதப் பாதுகாப்புச் சேவைக்குப் பாத மருத்துவரையே தலைமையாக வைத்ததும் அதனால்தான். இங்கிலாந்தின் அரசு மருத்துவச் சேவை 2014-15இல் சர்க்கரைப் பாதத்துக்காக மட்டும் ஏறத்தாழ 84 கோடிக்கும் 96 கோடிக்கும் இடைப்பட்ட பவுண்டு செலவிட்டதாக ஓர் ஆய்வு கணக்கிட்டிருக்கிறது. படிப்புக்கு ஆகும் செலவை இந்தத் தொகையின் பக்கத்தில் வைத்துத்தான் எடைபோட வேண்டும்.

இந்தப் படிப்பை ஏதோ மேல்நாட்டுச் சங்கதி என்று நினைக்கத் தோன்றும். அதன் மையத்தில் இருக்கும் அறிவு எங்கே பிறந்தது என்று பார்த்தால் நினைப்பு மாறும். 1914இல் கொல்லிமலையில் மிஷனரிப் பெற்றோருக்குப் பிறந்த பால் பிராண்ட், லண்டனில் மருத்துவம் படித்து 1946இல் வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்தார். தொழுநோயாளிகளின் விரல்கள் நோயினால் தாமாக அழுகி விழுகின்றன என்றே அன்று மருத்துவர்களும் நம்பினார்கள். பிராண்ட் நோயாளிகளின் அன்றாட வாழ்க்கையைக் கூர்ந்து கவனித்து வேறொரு முடிவுக்கு வந்தார்: தசை கெட்டுப்போகவில்லை, வலிதான் போய்விட்டது; வலி இல்லாததால் அவர்கள் தங்களை அறியாமலே தங்களைக் காயப்படுத்திக்கொள்கிறார்கள். அப்படியென்றால் காயத்தைத் தடுத்தால் காலைத் தக்கவைக்கலாம். இந்த ஒரு புரிதலிலிருந்து மற்றவை வந்தன. வேலூரிலும் அதை அடுத்த கரிகிரியிலும் நடந்த பணிகளில் எம்.சி.ஆர். செருப்பு, அதாவது நுண்துளை ரப்பர் வைத்த மெத்தென்ற செருப்பு, உருவாகிப் பரவியது. இன்றும் சர்க்கரை நோயாளிகள் மருந்துக் கடையிலும் மருத்துவமனையிலும் கேட்டு வாங்குவது அதைத்தான். புண்ணுள்ள பாதத்துக்கு ஒட்டினாற்போல மாவுக்கட்டுப் போட்டு, அழுத்தத்தைக் கால் முழுக்கப் பரப்பிவிட்டு, நடக்கவிட்டே ஆற்றும் முறையை இலங்கையின் அறுவை மருத்துவர் மில்ராய் பால் தொழுநோயாளிகளிடம் கையாண்டிருந்தார். அதையும் பிராண்ட் எடுத்து வளர்த்தார். 1966இல் அவர் அமெரிக்காவின் லூசியானா மாநிலத்துக் கார்வில் தொழுநோய் மருத்துவமனைக்குப் போனபோது இந்த அறிவும் கூடவே போனது. அங்கே சர்க்கரை நோயாளியின் பாதத்தைப் பார்த்தவர்களுக்கு இது வேலூரில் பார்த்த அதே பாதம் என்று புரிந்தது. 1986இல் கார்வில் ஆய்வாளர்கள், வளையும் நைலான் இழை ஒன்றை உள்ளங்காலில் அழுத்தி, 10 கிராம் விசையை உணராதவர்களுக்கே புண் வருகிறது என்று காட்டினார்கள். இன்று பிரிட்டனிலும் ஆஸ்திரேலியாவிலும் பொடியாட்ரி மாணவர் முதலாண்டில் கையில் எடுக்கும் கருவி அந்த 10 கிராம் இழை. வேலூரின் தொழுநோயாளிகளிடம் கற்ற பாடம் உலகம் சுற்றிப் பட்டப்படிப்பாகிவிட்டது. பிறந்த ஊரில் மட்டும் அது ஒரு தொழிலாக வேர்விடவில்லை.

இங்கே வழக்கமாக எழும் எதிர்வாதம் இது: பரிசோதனை இவ்வளவு எளிதென்றால் செவிலியருக்கு ஒரு வாரம் பயிற்சி கொடுத்தால் போதாதா, பட்டம் எதற்கு? பரிசோதனைக்குப் போதும். இன்னும் சொன்னால் இழைகூட வேண்டியதில்லை. இப்ஸ்விச்சைச் சேர்ந்த மருத்துவர் ஜெரி ரேமன் குழுவினர் 2011இல் வெளியிட்ட முறையில், நோயாளி கண்ணை மூடிக்கொள்ள, இரு கால்களிலும் பெருவிரல், நடுவிரல், சுண்டுவிரல் நுனிகளை ஒருவர் மெல்லத் தொட்டால் போதும். ஆறு தொடுகைகளில் இரண்டோ அதற்கு மேலோ தெரியாமல் போனால் அந்தக் கால் ஆபத்தில் இருக்கிறது. இதை வீட்டில் மகளோ மருமகனோ செய்யலாம், செய்யவும் வேண்டும். ஆனால் ஆபத்து என்று கண்டுபிடித்த பிறகு? கண்டுபிடிப்பவர்களைப் பெருக்கிவிட்டு, கண்டுபிடித்ததைக் கையாளுகிறவர்களை உருவாக்காமல் விட்டால், பயந்துபோன நோயாளிகளின் எண்ணிக்கைதான் கூடும். இந்த விஷயத்தில் பிரிட்டனிலேயே ஒரு குறை இருக்கிறது, அதையும் பார்க்க வேண்டும். அங்கே பொடியாட்ரிஸ்ட் என்ற பெயருக்குச் சட்டக் காவல் உண்டு. பாத நலப் பணியாளர் என்ற பெயருக்கு இல்லை. குறுகிய காலப் படிப்பை, பெரும் பகுதியைத் தபாலிலோ கணினியிலோ படித்துவிட்டு, அந்தப் பெயரில் தொழில் தொடங்கிவிடலாம். அவர்களில் கவனமானவர்கள் பலர். வயதானவர்களுக்கு நகம் வெட்டிவிடுவது, வெடிப்புக்கு மருந்து தடவுவது போன்ற பணிகளில் அவர்களால் பெரிய உதவி. ஆனால் கதவில் மாட்டிய பலகையைப் பார்த்து வரும் முதியவருக்கு இரண்டு பெயர்களுக்கும் வேறுபாடு தெரிவதில்லை. புதிதாகத் தொடங்குகிற நாடு இந்தக் குழப்பத்தை ஆரம்பத்திலேயே தவிர்க்க முடியும்: எளிய பராமரிப்புக்கு ஒரு படி, கத்தியும் ஊசியும் தொடும் வேலைக்கு இன்னொரு படி, இரண்டுக்கும் தனித்தனிப் பெயரும் தனித்தனி எல்லையும், கீழ்ப்படியில் இருப்பவர் படித்து மேல்படிக்கு ஏற ஒரு வழியும்.

மாணவரின் பக்கமிருந்து வரும் கேள்விகள் இன்னும் கூர்மையானவை. படித்தால் கடன் அடையுமா, வேலை கிடைக்குமா, மதிப்பு இருக்குமா? இங்கிலாந்தில் 2017இல் அரசு, செவிலியர் படிப்புக்கும் பொடியாட்ரி போன்ற படிப்புகளுக்கும் கொடுத்துவந்த உதவித்தொகையை நிறுத்திக் கடனுக்கு மாற்றியது. ஆண்டுக்கு 9,000 பவுண்டுக்கு மேல் கட்டணம். பொடியாட்ரி மாணவர்களில் வயது கூடியவர்கள், குடும்பம் உள்ளவர்கள், வேறு வேலையிலிருந்து மாறி வருகிறவர்கள் நிறையப் பேர். அவர்கள்தான் கடனைக் கண்டு முதலில் பின்வாங்குவார்கள். 2020இல் ஆண்டுக்கு 5,000 பவுண்டு திருப்பித் தரத் தேவையற்ற உதவியும், ஆள் கிடைக்காத துறைகளில் ஒன்று என்பதால் பொடியாட்ரிக்குக் கூடுதலாக 1,000 பவுண்டும் கொடுக்க வேண்டிய நிலை வந்தது. சம்பளத்தோடு வேலை செய்துகொண்டே பட்டம் பெறும் தொழிற்பயிற்சி வழியும் இப்போது உண்டு. வேலை இருக்கிறது, ஆள் இல்லை என்ற நிலையை அரசே தன் கையால் உண்டாக்கிப் பிறகு தானே காசு கொடுத்துச் சரிசெய்ய முயன்ற கதை இது. நம்மவர்கள் இதிலிருந்து எடுத்துக்கொள்ள வேண்டியது ஒன்றுதான்: இத்தகைய படிப்பைத் தனியார் கல்லூரிக் கட்டணத்துக்கு விட்டுவிட்டால் அது வளராது.

மதிப்பு பற்றிய கேள்வி தமிழ்ச் சமூகத்தில் இன்னும் ஆழமாகப் போகிறது. திருவடி என்றும் சேவடி என்றும் பாடிய மொழி நம்முடையது. அதே மொழியில் காலைப் பிடித்தான் என்றால் கெஞ்சினான் என்று பொருள். கால் தூசி என்றால் மதிப்பில்லாதது என்று பொருள். தெய்வத்தின் காலையும் பெரியவர்களின் காலையும் தொடலாம். முன்பின் தெரியாத ஒருவரின் வெடித்த குதிகாலை மடியில் எடுத்து வைத்துப் பார்ப்பதை நம் சமூகம் சில சாதிகளின் தலையில் கட்டியது. செருப்புத் தைத்தவர்களைத் தள்ளிவைத்தது. கட்டி கீறி, நகம் திருத்தி, மருத்துவர் என்றே பெயர் பெற்றிருந்த முடிதிருத்தும் சமூகத்தின் கைத்திறமையை வைத்தியமாக எண்ணவே மறுத்தது. இந்த வரலாறு இருக்கும் இடத்தில், பாதத்தைத் தொடும் வேலைக்குப் பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பிள்ளைகள் வருவார்களா என்பது வெறும் சம்பளக் கணக்கில் தீரும் விஷயமில்லை. பல்கலைக்கழகம் இங்கேதான் தேவைப்படுகிறது. காலாணி வெட்டியவர்களைப் பிரிட்டன் ஒரு நூற்றாண்டில் பதிவுபெற்ற மருத்துவத் தொழிலாளர்களாக உயர்த்தியது பாடத்திட்டத்தாலும் சட்டத்தாலும்தான். பிறப்போடு ஒட்டியிருந்த வேலையைத் தேர்வு எழுதி யாரும் அடையக்கூடிய தொழிலாக மாற்றும் கருவி பட்டம். செவிலியர் தொழிலையும் ஒரு காலத்தில் 'நல்ல குடும்பத்துப் பெண்கள்' போகிற வேலையில்லை என்றே பேசினார்கள். இன்று கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் அப்படிச் சொல்லும் துணிவு யாருக்கும் இல்லை.

இந்தியாவின் தேவை எவ்வளவு? 2023இல் வெளியான இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழக (ஐ.சி.எம்.ஆர்.) ஆய்வின் மதிப்பீடு, நாட்டில் 10 கோடியே 10 லட்சம் பேருக்குச் சர்க்கரை நோய் என்கிறது. இதைச் சொல்லும்போதே மறுப்பு ஒன்றும் காத்திருக்கிறது. இங்கிலாந்தின் வடமேற்குப் பகுதியில் நடந்து 2005இல் வெளியான ஆய்வில், அங்குள்ள ஐரோப்பியர்களில் 5.5 சதவீத சர்க்கரை நோயாளிகளுக்குக் கால் புண் இருந்தது, தெற்காசியர்களில் 1.8 சதவீதம் பேருக்கே இருந்தது. நம் கால்களுக்கு இயற்கையிலேயே ஒரு காப்பு இருக்கிறது, இவ்வளவு கவலை வேண்டாம் என்று இதைப் படிக்கலாமா? கூடாது. ஒருபக்கம், 10 கோடியில் சிறு சதவீதமும் லட்சக்கணக்கான கால்கள். மறுபக்கம், அந்த ஆய்வில் இருந்தவர்கள் பனிக்காலத்தில் மூடிய காலணி போட்டு, வீட்டருகே இலவச மருத்துவம் கிடைக்க வாழ்ந்தவர்கள். வயலில் வெறுங்காலோடு இறங்குகிறவர், வீட்டுக்குள்ளும் கோயிலுக்குள்ளும் செருப்பைக் கழற்றுகிறவர், சித்திரை வெயிலில் கொதிக்கும் பிராகாரத்துக் கல்லில் நடக்கிறவர், மேற்கத்திய நெறிமுறைகள் எதிர்பார்க்கிற நோயாளி இல்லை. செருப்பு போடாமல் நடக்கக் கூடாது என்று அறிவுரை எழுதிக் கொடுத்தால் அவர் வாழ்க்கை மாறிவிடாது. சிவாலயத்தில் நடக்க எந்த நேரம் நல்லது, வீட்டுக்குள் மட்டும் போட ஒரு தனிச் செருப்பை வீட்டார் ஏற்கும்படி எப்படிச் சொல்வது, சேற்றில் நிற்பவருக்கு என்ன செய்யலாம் என்று யோசித்துப் பாடம் எழுத இங்கேயே படித்து இங்கேயே கால் பார்த்தவர்கள் வேண்டும். லண்டன் பாடத்திட்டத்தை அப்படியே இறக்கினால் போதாது என்பதற்கு இதுவே காரணம். ஒரு படிப்பே வேண்டாம் என்பதற்குக் காரணமாகாது.

2021இல் நாடாளுமன்றம் நிறைவேற்றிய தேசிய இணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்தின் அட்டவணையில் பொடியாட்ரிஸ்ட் என்ற சொல் இருக்கிறது. அதாவது தொழிலுக்குச் சட்டத்தில் ஒரு நாற்காலி போட்டாகிவிட்டது. அதில் உட்கார ஆட்களை அனுப்பும் வகுப்பறைகள்தான் போதவில்லை. தமிழ்நாட்டில் 'மக்களைத் தேடி மருத்துவம்' 2021 முதல் வீடு வீடாகச் சர்க்கரை மாத்திரையைக் கொண்டுபோகிறது. 'பாதம் பாதுகாப்போம்' திட்டம் அரசு மருத்துவ நிலையங்களில் சர்க்கரை நோயாளிகளின் கால்களைப் பரிசோதிக்கத் தொடங்கியிருக்கிறது. இரண்டும் வரவேற்கத்தக்கவை, அதிலும் பின்னது பல மாநிலங்கள் நினைத்துப் பாராதது. இனி அடுத்த படி. ஒரு மருத்துவப் பல்கலைக்கழகம் நான்காண்டுப் பட்டமாக இதைத் தொடங்கலாம். கரிகிரி, வேலூர் போன்ற இடங்களில் தொழுநோய்ப் பாதத்தைப் பார்த்த பழைய கைகள் இன்னும் இருக்கும்போதே மாணவர்களை அங்கே பயிற்சிக்கு அனுப்பலாம். செருப்புத் தொழிலுக்குப் பேர்போன ஆம்பூர், ராணிப்பேட்டைப் பகுதித் தொழிற்கூடங்களோடு சேர்ந்து மருத்துவச் செருப்பு வடிவமைப்பைப் பாடமாக்கலாம். ஆனால் பட்டத்துக்கு முன்பே அரசு செய்ய வேண்டியது பணியிடத்தை உருவாக்குவது. மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு இரண்டு பாத மருத்துவர் என்று ஓர் ஆணை வந்தால் கல்லூரிகள் தாமாக வரும். ஆணை இல்லாமல் கல்லூரி வந்தால், முதல் அணி மாணவர்கள் சான்றிதழோடு வளைகுடாவுக்கும் பிரிட்டனுக்கும் விமானம் ஏறுவார்கள்.

இன்றைக்கு ஆரம்ப சுகாதார நிலையத்தில் ஒரு செவிலியர் அந்த நைலான் இழையை ஒருவரின் உள்ளங்காலில் வைத்து அழுத்துகிறார். தெரிகிறதா அம்மா என்று கேட்கிறார். தெரியவில்லை என்கிறார் அந்த அம்மா. காய்ப்பு இருக்கிறது, அதற்கு அடியில் கருமையும் தெரிகிறது. செவிலியர் தம் வேலையைச் சரியாகச் செய்து, பரிந்துரைச் சீட்டில் அதை எழுதி, பெரிய மருத்துவமனைக்குப் போகச் சொல்கிறார். சீட்டில் எந்தத் துறை என்று எழுத ஓர் இடம் இருக்கிறது. பொது அறுவை சிகிச்சை என்று எழுதுகிறார். அந்த அம்மா அங்கே போய்ச் சேரும்போது, குடல்வால் வீங்கியவர்களும் குடலிறக்கக்காரர்களும் நிற்கும் வரிசையில், வலிக்காத ஒரு காலோடு நிற்பார்.